விதுரன் எதற்காக வில்லை ஒடித்தான்?

"பேப்பர் போட்டுட்டேன்டா" என்று ஒரு நண்பன் சொன்னால் நமக்கு உடனே புரிந்துவிடும். ராஜினாமா மெயில் போய்விட்டது. அறுபதோ தொண்ணூறோ நாள் நோட்டீஸ். மேனேஜர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பேசுவார், ஹெச்.ஆர். கொஞ்சம் சம்பளம் கூட்டிக் காட்டும், கடைசி நாள் கேக் வெட்டி லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வருவான். ராணுவ அதிகாரிகளும் இதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள், பேப்பர் போடுவது என்று. ஆனால் அங்கே போட்ட பேப்பர் வெறும் விண்ணப்பம். அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும்வரை அவர் சீருடையில்தான் இருக்க வேண்டும். ஏற்க மாட்டோம் என்றும் சொல்லலாம். கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு மறுநாள் வராமல் இருந்தால் அதற்குப் பெயர் ராஜினாமா இல்லை, குற்றம்.

மறுபக்கம் இன்னும் விசித்திரம். அவரைப் போகச் சொல்ல அரசாங்கத்துக்கு ஒரு கையெழுத்து போதும். நம் அரசியல் சட்டப்படி படை அதிகாரி பதவியில் இருப்பது ஜனாதிபதியின் விருப்பம் உள்ளவரை. 1998 டிசம்பர் 30 அன்று கடற்படைத் தளபதி அட்மிரல் விஷ்ணு பாகவத் அப்படித்தான் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். விசாரணை கிடையாது, கோர்ட் மார்ஷல் கிடையாது. விருப்பம் திரும்பப் பெறப்பட்டது, அவ்வளவுதான்.

ஆக, தானாகப் போக உரிமை இல்லை, போகச் சொன்னால் நிற்கவும் உரிமை இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், ஒரு நாள், "இதற்கு மேல் என்னால் முடியாது" என்று எழுதுகிறார் என்றால் அது என்ன மாதிரிச் செயல்? தைரியமா, கோபமா, தப்பித்தலா? லட்சக்கணக்கான பேர் கீழே இருக்கும்போது ஒரு ஜெனரலுக்கு மனசாட்சி என்று தனியாக ஒன்று இருக்கலாமா?

முதலில் சாதாரணமாகப் போவதைப் பார்த்துவிடலாம். அதில் பெரிய நாடகம் இல்லை. முப்படைத் தளபதிகளுக்கு மூன்று ஆண்டு அல்லது 62 வயது, எது முந்தியோ அது. லெப்டினன்ட் ஜெனரலுக்கு 60, மேஜர் ஜெனரலுக்கு 58. பொதுவாக, வயது வரம்பை எட்டும் மாதத்தின் கடைசி நாளில் கிளம்ப வேண்டும். அணிவகுப்பு மரியாதை, கைகுலுக்கல், அடுத்தவரிடம் பொறுப்பு. நேரம் வந்ததும் கிளம்புவது ஒரு சாதனையா என்று கேட்கத் தோன்றும். பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தால் தெரியும். ஜியா உல் ஹக் 1976இல் பாகிஸ்தான் ராணுவத் தளபதியானார். 1988இல் விமானம் வெடித்துச் செத்தபோதும் அவர்தான் தளபதி. 1999இல் ஆட்சியைப் பிடித்த முஷாரஃப் சீருடையைக் கழற்ற 2007 நவம்பர் 28 வரை ஆனது. ஒரு ஜெனரல் எப்போது ரிடையர் ஆவார் என்பதே அந்த நாட்டின் பெரிய அரசியல் கேள்வியாக இருந்திருக்கிறது. நம்மூரில் அந்தக் கேள்விக்குப் பதில் காலண்டரில் இருக்கிறது. ஜெனரல் வி.கே. சிங் தன் பிறந்த ஆண்டு 1950 இல்லை, 1951 என்று, பதவியில் இருக்கும்போதே உச்ச நீதிமன்றம் வரை போனார். அவர் சொன்னது ஏற்கப்பட்டிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் தளபதியாக இருந்திருக்கலாம். மனுவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2012 மே 31, மாதத்தின் கடைசி நாள், கிளம்பிவிட்டார். அசிங்கமான சண்டைதான். ஆனாலும் தேதிதான் ஜெயித்தது. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

சிக்கல், காலண்டர் சொல்லாதபோது போக நினைப்பவரிடம்தான்.

நம் கதை மரபில் இதற்கு ஓர் ஆள் இருக்கிறார். கும்பகர்ணனைச் சொல்வீர்கள் என்று தெரியும். அண்ணன் செய்தது தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, அதே அண்ணனுக்காகப் போய்ச் செத்தவன். செஞ்சோற்றுக் கடன் என்றாலே கர்ணனும் அவனும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். உலகத்தின் எல்லா ராணுவக் கல்லூரியிலும் சொல்லிக்கொடுப்பது கிட்டத்தட்ட கும்பகர்ணன் வழிதான்: அறைக்குள் உள்ளதைச் சொல், முடிவு எடுத்த பிறகு செய். விபீஷணன் வழி எந்த ராணுவத்துக்கும் ஆகாது. அவன் வேலையை மட்டும் விடவில்லை, எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தான்.

நான் சொல்ல வந்தது விதுரனை. வில்லிபாரதத்தில் வருவது, தெருக்கூத்தில் கிருஷ்ணன் தூது பார்த்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். தூது வந்த கண்ணன் அரண்மனைக்குப் போகாமல் விதுரன் வீட்டில் தங்குகிறான். துரியோதனனுக்குக் கோபம். சபையில் வைத்து விதுரனின் பிறப்பைச் சொல்லி இழிவாகப் பேசுகிறான். விதுரன் எழுந்து தன் வில்லை இரண்டாக ஒடிக்கிறான். இனி உனக்காகப் போரில் இறங்க மாட்டேன். அந்த வில் கௌரவர் பக்கம் இருந்தால் பாண்டவர்களால் ஜெயிக்க முடியாது, அதனால்தான் கண்ணன் வேண்டுமென்றே அந்த வீட்டில் போய்த் தங்கினான் என்று கதை சொல்பவர்கள் சேர்த்துச் சொல்வார்கள்.

இதில் என்னை உறுத்துவது ஒன்று. பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்து வந்த அன்றும் விதுரன் அங்கேதான் இருந்தான். பேசினான், கண்டித்தான், மற்றவர்களில் பெரும்பாலோர் வாயை மூடிக்கொண்டிருந்தபோது அவன் நியாயம் கேட்டான். ஆனால் வில் ஒடியவில்லை. அது ஒடிந்தது பதின்மூன்று வருஷம் கழித்து, தன் தாயைச் சொன்னபோது. அநியாயத்தைப் பார்த்து வாய் பேசியது, அவமானத்தைத் தொட்டதும் கை பேசியது.

விதுரனைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மனிதர்கள் அப்படித்தான். ஆனால் ஜெனரல்களின் ராஜினாமாக் கதைகளைப் படிக்கப் படிக்க, எல்லா வில்லும் ஒடிவது இந்த இரண்டாவது இடத்தில்தானோ என்று தோன்றுகிறது.

ஜெனரல் கே.எஸ். திம்மையாவை எடுத்துக்கொள்ளுங்கள். காஷ்மீரில் ஜோஜி லா கணவாய்க்கு டாங்கிகளை ஏற்றியவர், கொரியாவில் போர்க்கைதிகளைத் திருப்பி அனுப்பும் நடுநிலை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர், சிப்பாய்கள் நேசித்த தளபதி. 1959இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனனோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. பதவி உயர்வுகளில் அமைச்சர் தலையிடுகிறார் என்பது பெரிய மனக்குறை. பிரதமரைப் பார்த்து முறையிட்டார். விஷயம் மேனன் காதுக்குப் போய், என்னைத் தாண்டி எப்படிப் போகலாம் என்று மேனன் கொதித்தார். ஆகஸ்ட் 31 அன்று, தற்போதைய அமைச்சரின் கீழ் தன்னால் கடமையைச் செய்ய முடியாது என்று திம்மையா ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். நேரு கூப்பிட்டுப் பேசினார். கடிதம் திரும்பப் பெறப்பட்டது. செய்தி கசிந்து செப்டம்பர் 1 பத்திரிகையில் வந்துவிட்டது. செப்டம்பர் 2 அன்று நாடாளுமன்றத்தில் நேரு எழுந்து, பிரச்சினை அற்பமானது, சுபாவம் ஒத்துப்போகாததால் வந்தது என்கிற மாதிரிப் பேசினார். மேனனைப் பாராட்டினார். சிவில் அதிகாரம்தான் எப்போதும் மேலே இருக்கும் என்றார். தன் சொல்லை நம்பிக் கடிதத்தைத் திரும்பப் பெற்றவரை இரண்டே நாளில் சபையில் சின்னதாக்கிவிட்டார்.

நேரு பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். பாகிஸ்தானில் அயூப் கான் ஆட்சியைப் பிடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திம்மையா செய்தி பத்திரிகையில் வந்த அதே செப்டம்பர் 1 அன்று அயூப் கான் டெல்லி பாலம் விமான நிலையத்தில் இறங்கி நேருவைச் சந்தித்துவிட்டுப் போனார். ஒரு நாவலாசிரியர் இப்படி எழுதினால் ரொம்ப ஓவர் என்போம். புதிதாய்ப் பிறந்த ஒரு குடியரசின் பிரதமருக்கு, ஜெனரல் ஒருவர் அமைச்சரை எதிர்த்து ராஜினாமா செய்கிறார் என்ற செய்தி எப்படி ஒலித்திருக்கும்? "இன்று ராஜினாமா, நாளை?" அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நியாயமான பயத்தை வைத்துக்கொண்டு அவர் செய்தது நியாயமாக இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

திம்மையாவின் கடிதத்துக்கு ஆறு நாள் முன்னால், ஆகஸ்ட் 25 அன்று, வடகிழக்கு எல்லையில் லோங்ஜுவில் சீனப்படை நம் காவல் நிலையைத் தாக்கியிருந்தது. எல்லையைக் காக்க ஆளும் சாலையும் ஆயுதமும் இல்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் கடிதத்தின் மையத்தில் இருந்தது அமைச்சர். சுபாவச் சண்டை என்று நேருவால் ஒதுக்கித் தள்ள முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். என் படை இன்னின்ன இடத்தில் இன்னின்னது இல்லாமல் நிற்கிறது, இதற்கு நான் பொறுப்பேற்க மாட்டேன் என்று ஒரு கடிதம் இருந்து, அதை அவர் திரும்பவும் பெறாமல் இருந்திருந்தால், அற்பம் என்று சபையில் சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

1983இல் லெப்டினன்ட் ஜெனரல் எஸ்.கே. சின்ஹாவுக்கு நடந்தது இதைவிட நேரடி. அடுத்த தளபதி அவர்தான் என்று எல்லோரும் நினைத்திருக்க, அவரைத் தாண்டி ஜெனரல் வைத்யா நியமிக்கப்பட்டார். சின்ஹா பேப்பர் போட்டார், கிளம்பினார். கண்ணியமான வெளியேற்றம், ஆனால் முழுக்க முழுக்க தன் வில். மறு ஆண்டு ஜூனில் பொற்கோயிலுக்குள் ராணுவத்தை அனுப்பும் உத்தரவு வைத்யாவின் மேஜைக்கு வந்தது. 1986இல், ஓய்வுபெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், புனேயில் அதற்காகச் சுட்டுக்கொல்லப்பட்டார். சிலருக்கு ரிடையர்மென்ட் என்பது காகிதத்தில் மட்டும்தான்.

இப்போது நம்கா சூ. 1962 செப்டம்பர். சீனர்களைத் தாக் லா மலைமுகட்டிலிருந்து விரட்ட வேண்டும் என்று டெல்லியில் முடிவாகிறது. பிரதமர் லண்டனில், மேனன் நியூயார்க்கில். செப்டம்பர் 22 அன்று நடந்த கூட்டத்தில் ராணுவத் தளபதி தாப்பருக்குத் தயக்கம். சீனர்கள் வேறு இடத்தில் திருப்பி அடிப்பார்கள் என்கிறார். அரசு கேட்கவில்லை. அவர் என்ன செய்கிறார் தெரியுமா? உத்தரவை எழுத்தில் கேட்கிறார். பாதுகாப்பு அமைச்சகத்தின் இணைச் செயலர் ஒருவர் கையெழுத்திட்டு எழுத்தில் கொடுத்துவிடுகிறார்.

ஆபீஸில் வேலை பார்க்கும் யாருக்கும் இது புரியும். "சார், அதை ஒரு மெயிலா போட்டுடுங்க." தப்பான முடிவு என்று தெரிகிறது, எதிர்க்கத் தெம்பில்லை, நாளைக்குப் பிரச்சினை வந்தால் காட்ட ஒரு காகிதம் வேண்டும். நம் மெயிலால் ஒரு ப்ராஜெக்ட் தள்ளிப்போகும். தாப்பர் வாங்கிய காகிதம் பத்தாயிரம் அடிக்கு மேல், பருத்திச் சீருடையும் கான்வாஸ் ஷூவுமாக நின்றிருந்த ஒரு பிரிகேடுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் காகிதத்துக்கும் ராஜினாமாவுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் இந்தக் கட்டுரை முழுக்க நான் அளந்துகொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

அந்த 7வது பிரிகேடின் தளபதி பிரிகேடியர் ஜான் தால்வி, பிறகு எழுதிய 'ஹிமாலயன் பிளண்டர்' புத்தகத்தில் அக்டோபர் 19ஆம் தேதியைச் சொல்கிறார். எதிர்க்கரையில் சீனர்கள் தாக்குதலுக்குத் தயாராவது கண்ணுக்குத் தெரிகிறது. டிவிஷன் தளபதிக்குப் போன் போட்டு, என் ஆட்கள் வெட்டுப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட ராஜினாமா செய்கிறேன் என்கிறார். மறுநாள் விடியும்போதே பீரங்கி முழங்கிவிட்டது. இரண்டு நாளில் தால்வி சீனர்களின் கைதி. இந்தக் கதைகளில் அவமானத்துக்காக இல்லாமல் ஆட்களுக்காக வில்லை ஒடிக்க முன்வந்தவர் அவர்தான். ஆனால் அவர் ஒரு பிரிகேடியர், அதுவும் கடைசி நாள் சாயங்காலம். அந்த வார்த்தையை மேலே இருந்தவர்கள் ஒரு மாதம் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். தாப்பர் ராஜினாமா செய்தார், ஆமாம். நவம்பரில், எல்லாம் முடிந்த பிறகு. உடல்நலக் காரணம் என்று அறிவிப்பு வந்தது. பிறகு ஆப்கானிஸ்தானுக்குத் தூதராகப் போனார்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. தாப்பர் செப்டம்பரிலேயே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சரி என்று தலையாட்டும் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நாற்காலி காலியாக இருப்பதே இல்லை. மனசாட்சி உள்ளவன் எழுந்து போனால் அந்த இடத்துக்கு அது இல்லாதவன்தான் வருவான். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவத்தின் தலைமை அதிகாரியாக இருந்த ஹெரால்ட் ஜான்சனைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ராஜினாமா செய்வதென்று வெள்ளை மாளிகைக்குக் காரில் கிளம்பினார், தோளிலிருந்த நட்சத்திரங்களைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், வாசல் வரை போய், உள்ளே இருந்தால்தான் ஏதாவது செய்ய முடியும் என்று நினைத்து வண்டியைத் திருப்பச் சொன்னார். பின்னாளில் அதைத் தன் வாழ்க்கையின் பெரிய தவறாக நினைத்தார் என்று கதை முடியும். கதையில் எவ்வளவு உண்மையோ, அந்த வாக்கியம் உண்மை. உள்ளே இருந்தால்தான் ஏதாவது செய்ய முடியும். ஊழல் ஆபீஸில் நேர்மையான குமாஸ்தாவிலிருந்து எல்லோரும் இரவில் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வாக்கியம். பல நேரம் சரியாகவும் இருக்கும். அதுதான் கஷ்டம்.

இன்னொரு மறுப்பு இதைவிடப் பெரியது. மனசாட்சி என்று சொல்லிவிட்டால் போதுமா? 1914 மார்ச்சில் அயர்லாந்தின் கர்ரா முகாமில் என்ன நடந்தது என்று பாருங்கள். அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் சட்டத்தை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றப் போகிறது. வடக்கே அல்ஸ்டரில் அதை எதிர்ப்பவர்கள் ஆயுதம் சேர்க்கிறார்கள். அங்கே போகச் சொன்னால் நாங்கள் போக மாட்டோம், வேலையை விட்டுத் தூக்கினாலும் பரவாயில்லை என்று பிரிகேடியர் ஜெனரல் ஹியூபர்ட் கஃபும் ஐம்பதுக்கும் மேற்பட்ட குதிரைப்படை அதிகாரிகளும் சொல்லிவிட்டார்கள். ஒரு குண்டு வெடிக்கவில்லை. யாரும் நாடாளுமன்றத்தைச் சூழவில்லை. அரசாங்கம் பணிந்து எழுத்தில் உறுதி கொடுத்தது. அந்த உறுதியைப் பிரதமர் பின்னர் மறுத்தார், போர் அமைச்சர் ராஜினாமா செய்ய வேண்டி வந்தது. ஆனாலும், அல்ஸ்டர் மேல் ராணுவத்தை ஏவ முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. அந்த அதிகாரிகளும் மனசாட்சிப்படிதான் நடந்தார்கள். தங்கள் வர்க்கம், தங்கள் சொந்தக்காரர்கள், தங்கள் மதம் எல்லாம் சேர்ந்த மனசாட்சி.

அதே முறையை 1938இல் ஜெர்மனியில் ஒருவர் முயன்றார். ராணுவத் தலைமைப் பணியகத்தின் தலைவர் லூத்விக் பெக். செக்கோஸ்லோவாகியா மேல் படையெடுக்கும் ஹிட்லரின் திட்டம் நாட்டை அழிக்கும் என்று குறிப்புக்குமேல் குறிப்பாக எழுதினார். ஒரு கட்டத்துக்கு மேல் சிப்பாயின் கீழ்ப்படிதலுக்கு எல்லை உண்டு என்ற அளவுக்குப் போனார். ஜெனரல்கள் எல்லோரும் சேர்ந்து ராஜினாமா செய்வோம் என்று படைத்தலைவர் ப்ராகிட்ச்சிடம் சொன்னார். ப்ராகிட்ச் அசையவில்லை. ஆகஸ்டில் பெக் தனியாகப் போனார். ஹிட்லர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: இது வெளியே தெரியக் கூடாது. பெக் ஒப்புக்கொண்டார்! அக்டோபர் கடைசியில், மியூனிக் ஒப்பந்தமெல்லாம் முடிந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. சத்தமில்லாமல் ஒடிந்த வில். ஆறு வருஷம் கழித்து, 1944 ஜூலை 20 அன்று, ஹிட்லரைக் கொல்லும் சதி தோற்ற இரவில் அவர் செத்தார். அந்த ஆறு வருஷத்தில் செத்தவர்களை எண்ணி முடியாது.

கர்ராவும் பெர்லினும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே செயல். கர்ராவுக்கு எதிரே தேர்தலில் வந்த ஒரு நாடாளுமன்றம் இருந்தது. பெக்குக்கு எதிரே எதுவும் மிச்சமில்லை. மக்களிடம் சொல்லவும் சபையில் கேட்கவும் தேர்தலில் மாற்றவும் வழி இருக்கும் நாட்டில் ஜெனரல்கள் கூட்டமாகப் போவது ஓர் அரசியல் மிரட்டல். நம் சட்டமும் படையில் கூட்டாக மறுப்பதைக் கலகம் என்றுதான் பார்க்கிறது. அந்தக் கண்டிப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. போரா சமாதானமா என்பதை முடிவுசெய்ய ஜெனரலை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த முடிவு பிடிக்கவில்லை என்று அவர் போனால் அது அவர் கருத்து, என் கருத்தைப் போல இன்னொன்று.

ஆனால் ஒரு விஷயம் அவருக்கு மட்டும்தான் தெரியும். அமைச்சருக்குத் தெரியாது, எம்.பி.க்குத் தெரியாது, டிவி பார்க்கும் நமக்குத் தெரியவே தெரியாது. இந்த ஆட்களால், இந்த ஷூவோடு, இத்தனை தோட்டாவோடு இதைச் செய்ய முடியாது, அனுப்பினால் சும்மா சாவார்கள் என்பது. அது கருத்து இல்லை. அது அவருடைய தொழில். அங்கே வாயைத் திறந்தும் கேட்கவில்லை என்றால், வில் ஒடிய வேண்டிய இடம் அதுதான். முன்கூட்டியே, தனி ஆளாக, காரணத்தைச் சொல்லிவிட்டு. கூட்டமாகப் போனால் மிரட்டல், பிந்திப் போனால் சடங்கு, காரணம் சொல்லாமல் போனால் அது தன் கையைக் கழுவுவது மட்டும்.

ஏனென்றால் கீழே இருப்பவனுக்கு அந்தக் கதவு இல்லை. ஜவான், எனக்கு இந்த உத்தரவு ஒப்பவில்லை என்று சொந்த ஊருக்குப் பஸ் ஏற முடியாது. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேரும் பையன்கூட, விதிவிலக்கான சூழல் தவிர, நான்கு வருஷத்துக்கு முன்னால் தானாக விலக முடியாது. செஞ்சோற்றுக் கடன் என்று பேசுகிறோமே, இந்தச் சோறு யாருடையது? துரியோதனன் போட்ட சோறு கர்ணனுக்கு. குடியரசில் ஜெனரலின் சம்பளத்தைப் பிரதமர் பாக்கெட்டிலிருந்து எடுத்துத் தருவதில்லை. அந்த ஜவானின் அப்பாவும் சோப்பு வாங்கும்போது வரி கட்டியிருக்கிறார். கடன் அந்தப் பக்கமும் இருக்கிறது.

1971 ஏப்ரல் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கிழக்குப் பாகிஸ்தானுக்குள் உடனே போகச் சொன்ன இந்திரா காந்தியிடம், மழைக்காலம் வருகிறது, படை தயாராக இல்லை, இப்போது போனால் தோற்போம் என்று மனெக்‌ஷா சொன்னதும், உடல்நலமோ மனநலமோ எந்தக் காரணம் வேண்டுமானாலும் போட்டு ராஜினாமா தரட்டுமா என்று கேட்டதும். அவரே மேடையில் நகைச்சுவையாகச் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை. வரலாற்றாய்வாளர்கள் சிலர் இதை அப்படியே ஏற்பதில்லை, பிரதமரே அப்போது அவசரப்படவில்லை என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் குன்னூரில் கடைசிக் காலத்தைக் கழித்த அந்தக் கிழவரின் கதையை இந்த நாடு இவ்வளவு ஆசையாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்றால், 1962இல் யாரும் சொல்லாத ஒன்றை யாரோ ஒருவர் சொல்லியிருக்க வேண்டும் என்ற ஏக்கம்தான் அது.

2014 பிப்ரவரி 26இல் நடந்தது வேறு வகை. ஐ.என்.எஸ். சிந்துரத்னா நீர்மூழ்கியில் தீ, இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். ஆறு மாதம் முன்னால்தான் சிந்துரக்‌ஷக் மும்பைத் துறைமுகத்திலேயே வெடித்து 18 பேர் போயிருந்தார்கள். கடற்படைத் தளபதி அட்மிரல் டி.கே. ஜோஷி தார்மீகப் பொறுப்பேற்று அன்றே ராஜினாமா செய்தார். பதவிக்காலம் இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. அரசாங்கமும் அன்றே ஏற்றுக்கொண்டது. இவ்வளவு வேகமாக ஒரு ஃபைல் நகர்ந்து நான் கேள்விப்பட்டதில்லை. அரியலூர் ரயில் விபத்துக்குப் பிறகு லால் பகதூர் சாஸ்திரி போனதை நாம் இன்னும் சொல்கிறோம். அவர் அமைச்சர். இங்கே அமைச்சர் இருந்தார், அட்மிரல் போனார். அதிகாரம் ஒரு பக்கம், பொறுப்பு இன்னொரு பக்கம் என்று ஜோஷி பின்னால் ஒரு பேட்டியில் வருத்தப்பட்டார். அதை ராஜினாமாவோடு சேர்த்தே சொல்லியிருந்தால்? சொல்லாமல் போனதால், பழியை எடுத்துக்கொண்டு போன நல்ல மனிதர் என்று பாராட்டிவிட்டு எல்லோரும் அடுத்த வேலையைப் பார்த்தார்கள். 2017இல் அவர் அந்தமான் துணைநிலை ஆளுநரானார்.

ஆளுநர், தூதர், அமைச்சர் என்று பெரிய அதிகாரிகளின் ஓய்வுக்குப் பிந்தைய பட்டியல் நீளம். எல்லாமே கைம்மாறு என்று சொல்வது அநியாயம். ஆனால் அந்தப் பட்டியல் இருக்கிறது என்பதே, கடைசி இரண்டு வருஷத்தில் ஒருவர் வாயைத் திறக்கும்முன் நினைவுக்கு வரும். ஓய்வுக்குப் பிறகு பேசலாமே என்றால், அதிலும் சங்கடம். ஜெனரல் நரவணேயின் நினைவுக்குறிப்பில் அக்னிபத் பற்றி வந்த சில வரிகள் வெளியானதும் பரபரப்பு, புத்தகம் அனுமதிக்காக நிறுத்தப்பட்டது. போகாமலே பேசியவர்களும் உண்டு. 2018 மார்ச்சில் ராணுவத் துணைத் தளபதி சரத் சந்த், நாடாளுமன்றக் குழு முன்னால், நம் தளவாடங்களில் 68 சதவீதம் பழசு, கொடுத்த பட்ஜெட் போதாது என்று எண்ணோடு சொன்னார். ராஜினாமாவும் இல்லை, கலகமும் இல்லை. சம்பளம் கொடுப்பவர்களின் பிரதிநிதிகளிடம் கணக்கு சொன்னார். நாலு நாள் செய்தியாக இருந்தது.

திம்மையா அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்ற பிறகு இருபது மாதம் பதவியில் இருந்தார். பழைய செல்வாக்கு இல்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. அவர் காலத்தில்தான், 1960இல், கிழக்குப் பகுதித் தளபதி தோரட், சீனர்கள் வந்தால் வடகிழக்கில் என்ன நடக்கும் என்று 'லால் கிலா' என்ற பயிற்சியாக நடத்திக் காட்டினார். அதைப் பார்க்க வேண்டியவர்கள் கண்டுகொள்ளவில்லை. தனக்குப் பின் தோரட் வர வேண்டும் என்று திம்மையா விரும்பினார். வந்தது தாப்பர்.

1961 மே மாதம் ஓய்வுபெறும்போது அதிகாரிகளிடம் அவர் பேசியதாகச் சொல்லப்படும் ஒரு பேச்சு உண்டு. உங்களைச் சீனர்களின் பீரங்கிக்கு இரையாக விட்டுவிட்டுப் போகவில்லை என்று நம்புகிறேன், கடவுள் உங்களைக் காப்பாற்றட்டும் என்ற பொருளில். நம்கா சூவுக்கு இன்னும் பதினேழு மாதம் இருந்தது.